உருளும் உருளை: 6.26 ஏன் வராது?

2 மீட்டர் உயரச் சரிவில் ஓய்விலிருந்து நழுவாமல் உருண்டு வரும் திண்ம உருளைக்கு, சரிவின் அடியில் வேகம் உங்களுக்கு 6.26 மீ/வி வந்தது, ஆனால் விடை 5.11, ஏன் என்று கேட்டிருந்தீர்கள். சுழற்சி ஆற்றலை விட்டுவிட்டீர்கள். உருளையின் நிலைமத் திருப்புத்திறன் (சுழற்சி மாறுவதை அது எதிர்க்கும் அளவு) நிறை × ஆரம் × ஆரம் ÷ 2. கோண வேகம், வேகம் ÷ ஆரம். சுழற்சி ஆற்றல், நிலைமத் திருப்புத்திறன் × கோண வேகத்தின் வர்க்கம் ÷ 2. பெருக்கிப் பாருங்கள், ஆரம் அடிபட்டுப் போய், சுழற்சி ஆற்றல் நேர்கோட்டு இயக்க ஆற்றலில் சரிபாதியாக வரும். மேலே இருந்த நிலை ஆற்றல் (நிறை × 9.8 × 2) இந்த இரண்டுக்கும் பிரிகிறது. ஆக, வேகத்தின் வர்க்கம் 4 × 9.8 × 2 ÷ 3 = 26.13, வேகம் 5.11 மீ/வி.

அப்புறம், உராய்வுக்காக எதையும் கழிக்காதீர்கள். சரிவைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் நகர்வதில்லை, அதனால் நிலை உராய்வு ஆற்றலை விழுங்காது. உருளையைச் சுழல மட்டும் வைக்கும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: உராய்வே இல்லாவிட்டால் உருளை சுழலாமல் வழுக்கி வரும், அப்போது உங்கள் 6.26 தான் சரி.