எண்பது மதிப்பெண்ணும் ஒரு சைக்கிளும்

கேள்வி: என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 28 மதிப்பெண்தான் எடுத்தான். அரையாண்டில் 80 எடுத்தால் கியர் சைக்கிள் வாங்கித் தருவதாக அவன் அப்பா சொல்லியிருக்கிறார். சைக்கிள் மீது அவனுக்கு அவ்வளவு ஆசை. ஆனாலும் கணக்குப் புத்தகத்தைத் தொடுவதே இல்லை. என் நாத்தனார் மகன் அதே வகுப்பில் முதல் மாணவன். அவனைப் பார்த்தாவது படிக்கக் கூடாதா என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறான். இது சோம்பேறித்தனமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: எனக்கு அப்படிப் படவில்லை, அம்மா. சைக்கிள் மீது ஆசை இருந்தும் அவன் அசையவில்லை என்று நீங்கள் எழுதியிருக்கும் வரியிலேயே விடை இருக்கிறது. மனிதர்கள் எதனால் முனைந்து உழைக்கிறார்கள் என்பதை 1964-இல் விளக்க முற்பட்ட உளவியலாளர் விக்டர் வ்ரூம், பரிசின் மீதுள்ள ஆசையையும், முயன்றால் கிட்டும் என்ற நம்பிக்கையையும் கூட்டிப் பார்க்கக் கூடாது, பெருக்கிப் பார்க்க வேண்டும் என்றார். ஆசை நூறாக இருந்தாலும் நம்பிக்கை பூஜ்யமானால், பெருக்கி வருவதும் பூஜ்யம்தான். 28 எடுத்த பிள்ளையின் கண்ணுக்கு 80 எட்டாத உயரம்; சைக்கிளைச் சொல்லச் சொல்ல, அது தனக்குக் கிடைக்காது என்பதுதான் அவனுக்கு உறுதியாகிறது.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வரும்? "உன்னால் முடியும்" என்று பிறர் சொல்வதை விட, தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம்தான் அதை வலுவாக ஊட்டுகிறது என்பது உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் முடிவு. அவரும் டேல் ஷங்கும் 1981-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் பல பெற்றோரிடம் சொல்லியிருக்கிறேன். கழித்தலில் மிகவும் பின்தங்கி, கணக்கென்றாலே ஒதுங்கிப்போன 7 முதல் 10 வயதுப் பிள்ளைகளிடம், ஏழு அமர்வுகளில் முடிக்க 42 பக்கப் பாடம் கொடுத்தார்கள். ஒரு பிரிவினரிடம் கடைசி அமர்வுக்குள் 42 பக்கத்தையும் முடிக்கச் சொன்னார்கள். இன்னொரு பிரிவினரிடம் அமர்வுக்கு ஆறு பக்கம் என்றார்கள். வேலை இரண்டும் ஒன்றே. ஆனால் ஆறு பக்கக்காரர்கள்தாம் கழித்தலில் நன்றாகத் தேறினார்கள். அதோடு, பிறகு விருப்பம்போல் எதையும் செய்யலாம் என்று விட்டபோது தாமாகவே கழித்தல் கணக்கை எடுத்துப் போடவும் செய்தார்கள்.

எட்டாம் வகுப்பில் எனக்கு இயற்கணிதம் சொல்லித் தந்த ஆசிரியர், விடை தவறாக இருந்தாலும் முழுக் கணக்கையும் அடிக்கமாட்டார். சரியாக வந்த ஒவ்வொரு வரிக்கும் சிறிதாக ஒரு டிக் போட்டுக்கொண்டே இறங்குவார். நான்காவது வரியில் பேனா நிற்கும். அங்கே ஒரு கழித்தல் குறியை விட்டிருப்பேன். ஐந்து வரியில் மூன்று சரி என்று தெரிந்த பிறகு அந்த நோட்டை மூடி வைக்க எனக்கு மனம் வந்ததில்லை.

எனவே சைக்கிள் வாக்கை மாற்ற வேண்டாம், 80 என்ற எண்ணை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். முழுக்களிலும் பின்னத்திலும் தடுமாறுகிறானா என்று பாருங்கள். தடுமாறினால் ஏழாம் வகுப்புப் புத்தகத்திலிருந்தே தொடங்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாளுக்கு ஐந்து கணக்கு போதும். நாத்தனார் மகனின் பேச்சை இனி எடுக்கவே எடுக்காதீர்கள். பிறரைப் பார்த்து நம்பிக்கை பிறப்பது உண்மைதான், ஆனால் அவர் நம்மைப் போன்றவராக இருந்தால்தான் அது பிறக்கும். போன வருடம் 30 எடுத்து இந்த வருடம் 50-க்கு வந்த பையன் உங்கள் தெருவில் இருந்தால், அவனோடு சேர்ந்து உட்காரட்டும்.

கேள்வி: தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். யார் தேறுவார்கள், யார் தேறமாட்டார்கள் என்று முன்பிருந்த ஆசிரியர் ஒரு பட்டியலே சொல்லிவிட்டுப் போனார். அதை மனத்தில் கொள்ளலாமா?
– ஓர் ஆசிரியை, தருமபுரி மாவட்டம்

பதில்: சில வாரங்களுக்காவது வேண்டாம். ராபர்ட் ரோசெந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட ஆய்வில், கலிஃபோர்னியாவின் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களிடம், இன்னின்ன பிள்ளைகள் இந்த ஆண்டு மலர்வார்கள் என்று சில பெயர்களைக் கொடுத்தார்கள். அவை குருட்டாம்போக்கில் எடுத்த பெயர்கள். ஆயினும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களை விடக் கூடுதலாக உயர்ந்தது. மேல் வகுப்புகளில் அவ்வாறு நிகழவில்லை. அந்த ஆய்வின் மீது கடுமையான விமரிசனங்கள் உண்டு, விளைவு அவ்வளவு பெரிதல்ல என்று பின்வந்தவர்கள் காட்டியுமிருக்கிறார்கள். ஆனால் உங்கள் வகுப்பு இரண்டாம் வகுப்பு என்பதால்தான் எச்சரிக்கிறேன்.

ஆசிரியரின் எதிர்பார்ப்பு பிள்ளைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதற்குக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் கவனித்த ஒன்று நல்ல சான்று. கேள்வி கேட்ட பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள்; அதிலும், படிக்கமாட்டார்கள் என்று கருதியவர்களுக்கு இன்னும் குறைவு. மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். பட்டியலில் கடைசியாக உள்ள குழந்தையிடம் நாளை ஒரு கேள்வி கேட்டுவிட்டு, மனத்துக்குள் மூன்று வரை எண்ணிப் பாருங்கள்; அது வரை அடுத்த பிள்ளையின் பக்கம் திரும்ப வேண்டாம்.