பழைய எண், புதிய எண்: பிழைச்செய்தியில் எந்தப் பாதையை எழுதுவது?

கேள்வி: எங்கள் பைத்தான் கருவிக்கான சோதனை ஒன்று, தற்காலிகக் கோப்புறையை உருவாக்கி, அதற்குள் சென்று கருவியை இயக்கி, 'அமைப்புக் கோப்பு இல்லை' என்னும் பிழைச்செய்தியில் அக்கோப்புறையின் பாதை சரியாக வருகிறதா என்று பார்க்கிறது. லினக்ஸ் கணினிகளில் தேறும் இச்சோதனை என் மேக் கணினியில் மட்டும் தோற்கிறது. பாதையின் தொடக்கத்தில் 'பிரைவேட்' என்ற சொல் கூடுதலாக வருகிறது. எல்லா இடத்திலும் சிம்லிங்க்குகளை (வேறொரு கோப்பையோ கோப்புறையையோ சுட்டும் இணைப்புகளை) அவிழ்த்தே, அதாவது அவை சுட்டும் உண்மையான பாதையாக மாற்றியே, அச்சிடலாம் என்கிறார் உடன் பணிபுரிபவர். அது சரியா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: உங்கள் கருவி தவறு செய்யவில்லை. மேக் இயங்குதளத்தில் 'டிஎம்பி', 'வார்' ஆகிய இரண்டும் உண்மையான கோப்புறைகள் அல்ல. 'பிரைவேட்' கோப்புறைக்குள் அதே பெயரில் இருப்பவற்றைச் சுட்டும் சிம்லிங்க்குகள். சோதனை தன் தற்காலிகக் கோப்புறையை 'வார்' என்று தொடங்கும் பெயரால் அறிந்திருக்கிறது. ஆனால் அதற்குள் நுழைந்த நிரல், தான் இருக்கும் இடத்தைக் கேட்டால், இயங்குதளம் சிம்லிங்க்குகளை அவிழ்த்த பாதையையே தருகிறது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும்போது சோதனை தோற்காமல் என்ன செய்யும்? கோப்புறையை உருவாக்கியவுடனேயே பைத்தானின் 'ரியல்பாத்' செயற்கூறைக் கொண்டு ஒருமுறை அவிழ்த்து, அதன்பின் அந்தப் பெயரையே சோதனை முழுவதும் பயன்படுத்துங்கள்.

உடன் பணிபுரிபவரின் யோசனையை மட்டும் ஏற்காதீர்கள். நம் சென்னை முகவரிகளில் பழைய எண், புதிய எண் இரண்டையும் எழுதுகிறோம். வண்ணாரப்பேட்டைச் சந்து ஒன்றில் பழைய எண்ணை மட்டுமே அறிந்தவரிடம் புதிய எண்ணை மட்டும் சொன்னால், தம் வீட்டைப் பற்றித்தான் பேசுகிறோம் என்பதே அவருக்கு விளங்காது. பயனர் தட்டச்சு செய்த பாதையைப் பிழைச்செய்தி அப்படியே காட்ட வேண்டும். அவிழ்த்த பாதை அதிலிருந்து வேறுபட்டால் மட்டும் அதையும் அருகில் தர வேண்டும். முழுப் பாதையாக இல்லாமல், ஏதோ ஒரு கோப்புறையிலிருந்து தொடங்கும் சார்புப் பாதையானால், எந்தக் கோப்புறையிலிருந்து தொடங்கித் தேடினோம் என்பதையும் சேர்க்க வேண்டும். 'மூன்றாவது தெரு' என்றால் போதுமா, மின்ட் மணிக்கூண்டிலிருந்து மூன்றாவதா என்று சொல்ல வேண்டாமா?

இதைவிடக் கடுமையான சிக்கல், ஒரு படி மேலே உள்ள கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளியில் இருக்கிறது. 'திட்டம்' கோப்புறைக்குள் 'தரவு' என்பது, வேறொரு வட்டில் உள்ள 'சேமிப்பு/தரவு' கோப்புறையைச் சுட்டும் சிம்லிங்க் என்று கொள்ளுங்கள். 'திட்டம்/தரவு/../அமைப்பு' என்ற பாதையை, முழுப் பாதையைத் தரும் பைத்தானின் 'ஆப்ஸ்பாத்' செயற்கூறு வட்டைத் தொட்டுப் பார்க்காமல் எழுத்தளவிலேயே சுருக்கி, 'திட்டம்/அமைப்பு' என்று முடிக்கும். லினக்ஸின் மையப் பகுதியான கருநிரலோ சிம்லிங்க்கின் வழியே சென்று, அங்கிருந்து ஒரு படி மேலேறி, 'சேமிப்பு/அமைப்பு' என்பதைத் தேடும். கோப்பைத் திறக்க மூலப் பாதையையும் செய்தியில் அச்சிடச் சுருக்கிய பாதையையும் பயன்படுத்தும் நிரல், கண்ணெதிரே இருக்கும் கோப்பை 'இல்லை' என்று அறிவிக்கும். இதே காரணத்தால் ஒரு பிற்பகல் முழுவதையும் நான் இழந்திருக்கிறேன். கோப்பின் அனுமதிகளையும் எழுத்துப்பிழைகளையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்தேனே தவிர, செய்தியில் இருந்த பாதையையே ஐயப்பட வேண்டும் என்று தோன்றவில்லை. ஆகவே, திறக்க முயன்ற பாதை எதுவோ அதையே அச்சிடுங்கள்.

கேள்வி: கோப்புப் பட்டியலில் தெரியும் பெயரை, 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று சோதனை கூறுவது எப்படி?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: அது பெரும்பாலும் இலக்கை இழந்த சிம்லிங்க்காக இருக்கும். பைத்தானின் 'எக்ஸிஸ்ட்ஸ்' இணைப்பின் வழியே சென்று இலக்கைத் தேடுவதால் இல்லை என்கிறது. 'எல்எக்ஸிஸ்ட்ஸ்' இணைப்பையே பார்ப்பதால் உண்டு என்கிறது. இவ்விரண்டும் முரண்படும்போது, 'ரீட்லிங்க்' தரும் இலக்கின் பெயரையும் சேர்த்து, 'இணைப்பு இருக்கிறது, அது சுட்டும் கோப்பு இல்லை' என்று உங்கள் பிழைச்செய்தி சொல்லட்டும்.