விரல் விறைத்தால் முதலில் உடம்பைப் போர்த்துங்கள்

தம்பி, தடித்த கையுறை போட்டும் விரல் விறைக்கிறது, இரண்டு சாக்ஸ் போட்டும் கால் சில்லென்றே கிடக்கிறது, இந்தக் குளிர் எனக்கு ஒத்துவராதோ என்று கேட்டிருந்தீர்கள். பயப்படாதீர்கள். பெரும்பாலும் இது உடம்பு தன் வேலையைச் சரியாகச் செய்வதன் அடையாளம்தான்.

உள்ளங்கை, உள்ளங்கால், விரல் நுனிகளில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் சிறு குழாய்கள் உண்டு. உடம்பில் சூடு மிகுந்தால் அவை திறந்துகொள்ளும். ரத்தம் நிறையப் பாய்ந்து தோல் வழியே சூடு வெளியேறும். குளிர் வந்தால் இறுக மூடிக்கொள்ளும். நெஞ்சும் வயிறும் 37 டிகிரியை ஒட்டி இருந்தாக வேண்டும், அதற்காக விரல்களுக்குப் போகும் ரத்தத்தை உடம்பு குறைத்துவிடுகிறது. கையுறை சூட்டை உண்டாக்காது, வரும் சூட்டைப் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். வராத சூட்டை எப்படிப் பிடிப்பது?

அதனால் மார்பு, வயிறு, கழுத்தை முதலில் நன்றாக மூடுங்கள். தலைக்குத் தொப்பி. கையுறைக்கும் சட்டைக்கைக்கும் நடுவே மணிக்கட்டு தெரியக் கூடாது. வெளியே காத்திருக்க நேர்ந்தால் சும்மா நிற்காமல் விறுவிறுவென்று நடங்கள். கொஞ்ச நேரத்தில் விரல்களில் ரத்தம் திரும்பி ஓடுவதை நீங்களே உணர்வீர்கள். அப்புறம் அந்த இரண்டாவது சாக்ஸ் வேண்டவே வேண்டாம். பூட்ஸ் இறுகினால் ரத்த ஓட்டம் தடைபடும். கம்பளி சாக்ஸ் ஒன்று, கால்விரலை அசைக்க இடமுள்ள பூட்ஸ், இது போதும். வியர்வையில் நனைந்தால் உடனே மாற்றுங்கள், ஈரம் சூட்டை உறிஞ்சிவிடும்.

வீடு திரும்பியதும் மரத்த கையைச் சுடுதண்ணீரில் வைக்காதீர்கள். தோல் வெந்தாலும் உறைக்காது. வெதுவெதுப்பான தண்ணீர் போதும்.

இரவில் கால் ஜில்லென்றிருந்தால் தூக்கம் வராது. சாக்ஸ் போட்டுப் படுங்கள். பாதம் சூடானால் ரத்தக்குழாய்கள் விரிந்து உள்ளுடம்பின் சூடு மெல்லத் தணியும். தூக்கம் வருவதற்கு அந்தத் தணிவு தேவை. கைகால் சூடாக இருப்பவர்கள் சீக்கிரம் தூங்குகிறார்கள் என்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் எழுதினார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். குளிர் பட்டதும் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்து, பிறகு நீலம் பாரித்து, சூடேறும்போது சிவந்து வலித்தால் அது ரேனோ எனப்படும் கோளாறாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள், குளிர்காலம் முடியட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.