பெருவுக்குப் போகிறேன், சர்க்கரை இருக்கிறது: சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 46. ஏழு வருடமாகச் சர்க்கரை நோய். காலையில் கிளிமிபிரைடு மாத்திரை, இரண்டு வேளை மெட்ஃபார்மின் மாத்திரை. வேலைக்காக இரண்டு வருடம் பெரு நாட்டின் லிமா நகருக்குப் போகிறேன். அங்கே மீனைப் பச்சையாகவே சாப்பிடுவார்களாம். அதைக் கேட்டதிலிருந்து மனைவிக்குப் பயம். அசைவம் எல்லாம் சாப்பிடுவேன். எதில் கவனமாக இருக்க வேண்டும், டாக்டர்?

பதில்: அந்த மீன் உணவின் பெயர் செவிச்சே. கடல் மீன் துண்டுகளை எலுமிச்சைச் சாறு, உப்பு, வெங்காயம், மிளகாயோடு கொஞ்ச நேரம் ஊற வைப்பார்கள். புளிப்பில் மீன் வெளுத்து, வெந்தது போலத் தெரியும், வெந்திருக்காது. எலுமிச்சை சில கிருமிகளைக் கொல்லும், மீனுக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைத்த மீன் என்றால் அந்தப் பயம் இல்லை. லிமாக்காரர்கள் இதை மதியத்தில்தான் சாப்பிடுவார்கள். காலையில் வந்த மீன் இரவுவரை தாங்காது என்பது பழைய கணக்கு. நீங்களும் கூட்டம் உள்ள கடையில், மதியம் மட்டும் சாப்பிடுங்கள். முதல் சில வாரம் அதுவும் வேண்டாம். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். 1991இல் பெருவில் காலரா பரவி, அந்த ஒரு வருடத்தில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். அப்போது செவிச்சேவும் பழி சுமந்தது, ஆனால் பெரிய குற்றவாளி தண்ணீர்தான்.

சரி, மீன் விஷயம் முடிந்தது. உங்களைப் பொறுத்தவரை எனக்குக் கவலை தருவது அதே தட்டில் இருக்கும் சோறும் உருளைக்கிழங்கும். அரிசிச் சோறு கிடைக்குமா என்று நீங்கள் கவலைப்படவே வேண்டாம், அவர்கள் நம்மைப் போலவே சோற்றுப் பிரியர்கள். சிக்கல் என்னவென்றால், உருளைக்கிழங்கு பிறந்த மண் அது, அதையும் விடமாட்டார்கள். லோமோ சால்டாடோ கேட்டால் வதக்கிய மாட்டிறைச்சியோடு வறுத்த உருளையும் சோறும் சேர்ந்தே வரும். அஹீ தே கயீனா பார்க்க நம் கோழிக் குருமா போல இருக்கும். குழம்பைக் கெட்டியாக்குவது ரொட்டி, அடியில் உருளைக்கிழங்கு, பக்கத்தில் சோறு. ஒரே தட்டில் மூன்று மாவுச்சத்து! சோறு, உருளைக்கிழங்கு இரண்டில் ஒன்றை மட்டும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் விசித்திரமாகப் பார்த்தால் பார்க்கட்டும். லெந்தேஹாஸ் என்றால் நம் மைசூர்ப் பருப்பின் உறவு, ஃப்ரிஹோலேஸ் என்றால் பீன்ஸ் பயறு. இவை கிடைக்கும் நாளில் சோற்றைப் பாதியாக்கிவிட்டு இவற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். அங்கே காலை உணவு பலருக்கு ரொட்டியும் காபியும்தான். பெரிய சாப்பாடு மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள். கிளிமிபிரைடு போட்டுக்கொண்டு, காலையில் அரைகுறையாகச் சாப்பிட்டு, மூன்று மணிவரை மீட்டிங்கில் உட்கார்ந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, 15 நிமிடத்தில் சோதித்துப் பாருங்கள். பையில் குளுக்கோஸ் எப்போதும் இருக்கட்டும். லிமா நம்மைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. அதனால் மாத்திரையை எந்த நேரத்துக்கு மாற்றுவது, கிளிமிபிரைடே தேவையா என்பதைக் கிளம்புமுன் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

விருந்தில் பிஸ்கோ சவர் என்ற மதுவை நீட்டுவார்கள். இனிப்பாக இருக்கிறதே, சர்க்கரை தாழாது என்று நினைக்காதீர்கள்; கல்லீரல் சர்க்கரையை வெளியே விடாதபடி மது அதைக் கட்டிப்போடுவதால் சில மணி நேரம் கழித்து, தூக்கத்தில்கூடத் தாழலாம். வெறும் வயிற்றில் கூடவே கூடாது. மஞ்சள் நிற இன்கா கோலாவும் ஊதாச் சோளத்தில் செய்யும் சிச்சா மொராதாவும் சர்க்கரைத் தண்ணீர்தான், ஊதாச் சோளம் உடம்புக்கு நல்லது என்று யார் சொன்னாலும். பாக்கெட் உணவு வாங்கும்போது கறுப்பு எண்கோண முத்திரையைத் தேடுங்கள். 2019 முதல் அது கட்டாயம். 'அல்தோ என் அசூகார்' என்றிருந்தால் சர்க்கரை அதிகம், 'சோதியோ' என்றிருந்தால் உப்பு அதிகம். மொழி தெரியாதவருக்கு இதைவிட வசதி வேண்டுமா?

விடுமுறையில் மலை நகரமான குஸ்கோ போவீர்கள், போகாமல் இருக்க முடியாது. உயரம் 3,400 மீட்டர். முதல் நாள் வயிறு மெதுவாக வேலை செய்யும், பசி குறையும்; சூப்பே போதும், மது வேண்டாம். ஹோட்டலில் கோகா இலைத் தேநீர் தருவார்கள், அங்கே அது சட்டப்படி சரி. ஆனால் அதைக் குடித்தால் சிறுநீர்ப் பரிசோதனையில் கொக்கெய்ன் என்று காட்டலாம். உங்கள் நிறுவனத்தில் அந்தச் சோதனை உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். அப்புறம், ஊருக்கு வரும்போது நினைவாக ஒரு பொட்டலம் என்று பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இந்தியச் சட்டத்தில் கோகா இலை போதைப்பொருள்.