தாமரைக் கிழங்கு பன்றி எலும்பு சூப்: நீங்கள் கேட்டவை

மலேசியாவின் ஈப்போவில் கான்டனீஸ் (தென் சீனாவின் குவாங்டோங் வழி வந்த) குடும்பங்களுக்கு நடுவே வளர்ந்தவள் நான். மாலையில் அந்தத் தெருவில் நடந்தால் இந்த சூப்பின் வாசனை எந்த வீட்டிலிருந்தாவது வரும். கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டதால், அளவைச் சொல்லிவிட்டு நேரே பதிலுக்கு வருகிறேன். நான்கு பேருக்குப் பன்றி விலா எலும்பு 600 கிராம், தாமரைக் கிழங்கு 500 கிராம், தோலோடு ஊறவைத்த பச்சை நிலக்கடலை ஒரு கைப்பிடி, காய்ந்த சீன இலந்தை 6 (கடையில் ரெட் டேட்ஸ் என்று கேளுங்கள்), இஞ்சி மூன்று வில்லை, தண்ணீர் இரண்டரை லிட்டர். கொதி வந்ததும் தீயைக் குறைத்து இரண்டரை மணி நேரம். உப்பு கடைசியில்.

அக்கா, நீங்கள் சொன்ன நேரம் முழுக்க வைத்தும் கிழங்கு நறுக் நறுக்கென்றே இருக்கிறது. எங்கே தப்பு?

தப்பு உங்கள் மேல் இல்லை, கிழங்கு மேல். தாமரைக் கிழங்கில் மாவுக் கிழங்கு, மொறுமொறு கிழங்கு என இரண்டு வகை. இரண்டாவதை நாள் முழுக்க வேகவைத்தாலும் மசியாது. அது வதக்கலுக்கும் சாலடுக்கும் பிறந்தது. சூப்புக்கு வேண்டியது முதல் வகை. வெந்தபின் கடித்தால் சேப்பங்கிழங்கு போல மாவாகக் கரைய வேண்டும்.

அடையாளம் கேட்டால், குறுக்கே வெட்டிய கிழங்கில் நடுத் துளையைச் சுற்றி ஏழு பெரிய துளை இருந்தால் பெரும்பாலும் மாவு வகை, ஒன்பது இருந்தால் மொறுமொறு வகை என்று சீனர்கள் சொல்வார்கள். நான் துளையை மட்டும் நம்புவதில்லை. கட்டையாக, பருமனாக, தோல் பழுப்பேறி இருக்கும் கணுவை எடுப்பேன். நுனியில் இருக்கும் ஒல்லியான வெள்ளைக் கணு இளசு, அதை விட்டுவிடுவேன். மாவு வகையை நறுக்கும்போது கத்தியில் வெள்ளையாகப் பிசுபிசுவென ஒட்டும். இதெல்லாம் வேண்டாமென்றால் கடைக்காரரிடம் "சூப்புக்கு" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும். சீனாவில் இலையுதிர் காலமும் குளிர்காலமும்தான் மாவுக் கிழங்குக்குப் பருவம்.

இன்னொன்று, கறுக்காமல் இருக்க வினிகர் கலந்த தண்ணீரில் போடாதீர்கள். புளிப்புப் பட்டால் கிழங்கு இறுகும். வெறும் தண்ணீர் போதும்.

தோல் சீவி, பாக்கெட்டில் வெள்ளை வெளேரென்று வருவதை வாங்கலாமா?

சேறு ஒட்டியதை வாங்குங்கள். அப்படிப் பளீரென்று இருப்பதற்கு ஏதோ மருந்து போட்டிருக்க வாய்ப்புண்டு. கணுவின் இரண்டு முனையும் மூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு முனை திறந்திருந்தாலும் துளைக்குள் சேறு போயிருக்கும். அப்படி வாங்கிவிட்டால் குழாயடியில் பிடித்து, ஒவ்வொரு துளையிலும் சாப்ஸ்டிக் விட்டுக் குடைந்து கழுவ வேண்டியதுதான். அப்புறமும் வெட்டிப் பார்த்துவிட்டே பானையில் போடுங்கள். ஒரு துண்டுச் சேறு போதும், சூப் முழுக்க மண் வாடை.

சூப் கறுத்துப்போய்விட்டது. கெட்டுவிட்டதா?

இரும்புச் சட்டியில் வைத்தீர்களா? கிழங்கில் இருக்கும் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்தால் கறுக்கும். கெடுதல் இல்லை, பார்க்கத்தான் சகிக்காது. மண்பானை, எவர்சில்வர், எனாமல் எது வேண்டுமானாலும் சரி. லேசான இளஞ்சிவப்பு நிறம் வந்தால் பயப்படாதீர்கள், அது நல்ல சூப்பின் நிறம்.

பன்றிக் கவிச்சி போக என்ன செய்வது?

எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை மூட்டுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் மேல்சதை சட்டென்று இறுகி, இரத்தம் உள்ளேயே நின்றுவிடும். மெல்லச் சூடேறும்போது சாம்பல் நிற நுரை திரண்டு வரும். கொதித்து ஐந்து நிமிடம் ஆனதும் அந்தத் தண்ணீரைக் கொட்டி, எலும்பை வெதுவெதுப்பான தண்ணீரில் விரலால் தேய்த்துக் கழுவுங்கள். எலும்பு மூட்டில் ஒட்டிய கறுப்புத் துணுக்கையும் எடுத்துவிடுங்கள். பிறகுதான் சூப்புத் தண்ணீர்.

மிளகு, மஞ்சள், பூண்டு கொஞ்சம் போடலாமா? வீட்டுக்காரர் சப்பென்று இருக்கிறது என்கிறார்.

போடலாம், யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆனால் அது வேறு சூப். கிழங்கின் இனிப்பும் எலும்பின் சாறும்தான் இதில் ருசி. மஞ்சள் விழுந்தால் இரண்டும் காணாமல் போகும். சப்பென்று இருந்தால் தண்ணீர் கூடியிருக்கும், அல்லது உப்புக் குறைந்திருக்கும். அதையும் பார்த்துவிட்டுப் போதவில்லை என்றால் காய்ந்த பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) ஒன்றை ஊறவைத்துச் சேருங்கள். கான்டனீஸ்காரர்கள் அதைத்தான் செய்வார்கள். வீட்டுக்காரருக்கு மட்டும் அவர் கிண்ணத்தில் மிளகு தூவிக்கொடுங்கள்.

குக்கரில் எத்தனை விசில்?

விசில் கணக்கு வேண்டாம். ஆவி வந்தபின் தீயைச் சிறிதாக்கி முப்பது நிமிடம், பிறகு தானாக ஆறட்டும். குக்கரில் தண்ணீர் வற்றாது, அதனால் ஒன்றரை லிட்டரே போதும்.

சென்னையில் பேய்க்கணவாய் கிடைக்கவில்லை. கணவாய்க் கருவாடு போடலாமா? தாமரைத்தண்டு வற்றல் இருக்கிறது, அதைக் கிழங்குக்குப் பதிலாகப் போடலாமா?

கணவாய்க் கருவாட்டை நன்றாக ஊறவைத்து உப்பைக் கழுவிவிட்டுச் சின்னத் துண்டாகப் போடுங்கள், சமாளிக்கலாம். வற்றல் வேண்டவே வேண்டாம். உப்பில் போட்டுக் காயவைத்த மெல்லிய வில்லை அது, எண்ணெயில் பொரிக்கத்தான் லாயக்கு. கிழங்கு கிடைக்காவிட்டால் கேரட்டும் முள்ளங்கியும் போட்டுச் செய்யுங்கள். கான்டனீஸ் வீடுகளில் பச்சை நிற முள்ளங்கி, கேரட், பன்றிக் கால்சதை போட்ட சூப்பும் வழக்கம்தான்.

வூஹானில் சாப்பிட்ட சூப்பில் கடலையோ இலந்தையோ இல்லையே?

வூஹான் இருக்கும் ஹூபெய் மாகாணத்துப் பாணி அப்படித்தான். ஏரிகள் நிறைந்த ஊர், கிழங்கு அவ்வளவு நன்றாக இருக்கும்போது துணைக்கு ஆள் எதற்கு? எலும்பு, கிழங்கு, இஞ்சி, உப்பு, மண்பானை, அவ்வளவுதான். நல்ல மாவுக் கிழங்கு கிடைத்த நாளில் நானும் அப்படியே வைப்பேன்.

காய்ந்த ஆரஞ்சுத் தோல் சேர்த்தேன், கசக்கிறது.

ஊறவைத்தபின் உள்பக்கத்து வெள்ளையைக் கத்தியால் சுரண்டினீர்களா? கசப்பு அங்கேதான் இருக்கும். தோல் பழசாக இருப்பதும் முக்கியம். குவாங்டோங்கில் சின்ஹுய் ஊர்த் தோலுக்குத்தான் பெயர். மூன்று வருடமாவது வைத்த பிறகே அதைப் பயன்படுத்துவார்கள். வீட்டில் நேற்றுக் காயவைத்தது சரிப்படாது.

அப்பாவுக்கு கவுட் (யூரிக் அமிலம் கூடி வரும் மூட்டுவலி) இருக்கிறது. கொடுக்கலாமா?

தவிர்ப்பது நல்லது. மணிக்கணக்கில் வேகும்போது இறைச்சியின் பியூரின் சாற்றில் இறங்கிவிடும், அதுதான் யூரிக் அமிலமாகிறது. சாறு இல்லாமல் கிழங்குத் துண்டு மட்டும் கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

சாற்றைக் குடித்தபின் மிஞ்சும் எலும்பையும் கிழங்கையும் என்ன செய்வது? கொட்ட மனசு வரவில்லை.

கொட்டவே கூடாது! தட்டில் தனியாக எடுத்து வையுங்கள். சின்னக் கிண்ணத்தில் லைட் சோயா சாஸ், அதில் நறுக்கிய சிவப்பு மிளகாய். கறியைத் தொட்டுச் சோற்றோடு சாப்பிடுங்கள். உங்கள் வீட்டுக்காரர்கள் கேட்கும் காரம் அங்கே கிடைத்துவிடும்.