புதிய கட்டடக்கலை ஆய்வு நூல்களைப் பற்றித் தமிழில் பொட்காஸ்ட் செய்ய என்ன தயாரிப்பு வேண்டும்?

கேள்வி: கட்டடக்கலை வரலாறு படித்தவர் ஒருவர், திருகோணமலையில் இருந்தபடி நூலாசிரியர்களோடு கதைத்து ஒலிபரப்ப விரும்புகிறார். எந்த மைக் வாங்கலாம், எங்கே தொடங்கலாம்?

மைக்கைப் பிறகு பார்ப்போம். முதல் சிக்கல், கேட்பவர் கையில் படம் இல்லை. ஆசிரியர் தளப்படத்தைப் பார்த்தே யோசித்துப் பழகியவர். "படத்தில் தெளிவாகத் தெரியும்" என்று சொல்லிக் கடந்துவிடுவார். அங்கேயே நிறுத்திக் கட்டடத்துக்குள் நடக்க வையுங்கள். எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் பார்க்கிறோம், கல்லா செங்கல்லா? "5.4 மீற்றர்" காதில் தங்காது, "மூன்று ஆள் உயரம்" தங்கும்.

அடுத்தது காலக் குழப்பம். நம்மூர்க் கோட்டையையே எடுங்கள். கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டு போர்த்துக்கேயர் அதை 1624இல் கட்டினர். 1639இல் ஒல்லாந்தரும் 1795இல் ஆங்கிலேயரும் பிடித்தனர். பிரெட்றிக் கோட்டை என்ற பெயரே 1803இல்தான் வந்தது. விருந்தினர் 17ஆம் நூற்றாண்டைப் பேசும்போது அந்தப் பெயரைச் சொன்னால், எந்தக் கட்டத்துச் சுவர் என்று உடனே கேளுங்கள். கோட்டை வாசலில் பதித்த, பாண்டியர் சின்னமான இரட்டை மீன் பொறித்த கல்லைப் பற்றிப் பேச்சு வந்தால் இன்னும் கவனம்: கல்லில் இருப்பது, ஆவணத்தில் இருப்பது, ஊர் சொல்வது ஆகிய மூன்றும் ஒன்றாகக் கலந்துவிடும்.

அச்சுக்குப் போகும் பிரதியைப் பதிப்பகத்திடம் ஆறு வாரம் முன்பே கேளுங்கள். முன்னுரை, முடிவுரை, நடுவில் ஒரு அத்தியாயத்தை அடிக்குறிப்புகளோடு படித்தாலே நல்ல கேள்விகள் கிடைக்கும் (முழுதும் படித்தால் புண்ணியம்). 45 நிமிடத்துக்கு எட்டுக் கேள்வி போதும். கேள்விகளை அப்படியே அனுப்பாதீர்கள், பதிலை எழுதிவைத்து வாசிப்பார்கள். மூன்று தலைப்பை மட்டும் சொல்லுங்கள். "ஏன் எழுதினீர்கள்?" வேண்டாம், அது முன்னுரையிலேயே இருக்கும். எந்த வரைபடம் அவருடைய எண்ணத்தை மாற்றியது என்று கேளுங்கள்.

இனி மைக். டைல்ஸ் தரையும் சீமெந்துச் சுவரும் எதிரொலிக்கும். உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்துவைத்து அதற்கு முகம்கொடுத்து இருங்கள். ஃபானை நிறுத்துங்கள். காகமும் தெருச் சத்தமும் உள்ள இடத்தில் சின்னச் சத்தத்தையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கை விட, கிட்ட இருக்கும் குரலையே அதிகம் பிடிக்கும் டைனமிக் மைக் நல்லது. வாயிலிருந்து ஒரு சாண் தூரம், கொஞ்சம் சரித்து. வெளியூர் விருந்தினர் என்றால் இணைய அழைப்பு ஒருவரையொருவர் கேட்க மட்டும். இருவரும் ஹெட்போன் போட்டு, அவரவர் கருவியில் தனித்தனியே 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட் வேவ் கோப்பாகப் பதியுங்கள். பதிவு மென்பொருளின் ஒலி அளவுகாட்டியில் உச்சம் −12 டெசிபலைத் தாண்டக் கூடாது. கரண்ட் போய் ரவுட்டர் நின்றாலும், மடிக்கணினியில் சார்ஜ் இருந்தால் பதிவு தப்பும். இரண்டு பதிவுகளையும் பிறகு ஒன்றோடொன்று பொருத்த, தொடக்கத்திலும் முடிவிலும் ஒருமுறை கைதட்டுங்கள்: இரு கருவிகளின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது, இரண்டாவது தட்டு பொருந்தாவிட்டால் ஒரு தடத்தைச் சற்று இழுக்க வேண்டும்.

முகப்புப் படத்துக்கு நூலின் உள்ளே இருக்கும் புகைப்படத்தை எடுத்துவிடாதீர்கள். அதற்கு ஆசிரியர் வாங்கிய அனுமதி பெரும்பாலும் அந்த நூலுக்கு மட்டுமே. அட்டைப்படத்தைப் பதிப்பகத்திடம் கேட்டால் தருவார்கள்.