விலகும் முன் மூன்று பட் குழிகளை எண்ணுங்கள்
நண்பரே, கோல்ஃப் வீடியோ கேமில் பார் 72 கோர்ஸில் (72 அடிகளில் முடிக்க வேண்டிய மைதானம்) 74, 75 அடித்தும் லீக் பட்டியலின் அடியிலேயே கிடக்கிறேன், விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மேலே இருப்பவர்கள் பத்து அண்டர், அதாவது பாரைவிடப் பத்து குறைவாக அடிப்பதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். எனக்கும் எரிந்தது.

உங்கள் ஸ்கோர் கார்டில் மூன்று பட் போட்ட குழிகளை, அதாவது கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில்) பந்தை உருட்டி உள்ளே தள்ள மூன்று தட்டு தேவைப்பட்ட குழிகளை, முதலில் எண்ணுங்கள். நம்மைப் போன்ற நடுத்தர ஆட்டக்காரர்கள் கோட்டை விடுவது அங்கேதான். பந்து விழும் குழியின் விட்டம் வெறும் 4.25 அங்குலம். நாற்பது அடி தூரத்திலிருந்து அதற்கே குறி வைக்காதீர்கள். குழியிலிருந்து மூன்றடி தூரத்துக்குள் பந்து நின்றால் போதும். குழியில் நட்ட கொடி தண்ணீரை ஒட்டி இருந்தால் அதை மறந்துவிட்டு கிரீனின் நடுவில் இறக்குங்கள்.

அப்புறம், தனியாக ஆடாதீர்கள். போன சீசனில் ஒரு பார் 3 குழியில் எதிர்க்காற்றைப் பார்க்காமல் இரண்டு பந்தைத் தண்ணீரில் விட்டு 7 போட்டேன். வெறுத்துப்போய் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். அதே குழியில் 8 போட்ட ஒருவர், "நானும் அங்கேதான் மூழ்கினேன், வாங்க, இன்னொரு ரவுண்டு போகலாம்" என்று செய்தி அனுப்பினார். இன்றுவரை சேர்ந்துதான் பயிற்சி எடுக்கிறோம்.

சரி, கடைசி ரவுண்டு கார்டைப் போடுங்கள். குழி குழியாகப் பார்ப்போம்.